தெல்தோட்டையில் ஆறிப்போன சோறு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பர்ஹானா மிஸ் வீட்டுக்கு வந்திருந்தார். அக்குறணைக்காரர், 'சொல்லுது' என்பதை 'செல்லுது' என்பார். எங்கள் பல்கலைக்கழகத்தின் கொரிய மொழிப் பிரிவில் என்னிடம் படித்தவர். நான் ஓய்வுபெற்றபோது காலியான இடத்தில் இப்போது படிப்பிப்பவரும் அவர்தான். தேநீரை ஒரு வாய் குடித்ததும் தன் போனை எடுத்து மேசை நடுவில் வைத்தார்.

"சேர், இதுல தமிழ்ல பேசினா கொரியன்ல செல்லுது. கொரியன்ல பேசினா தமிழ்ல செல்லுது. புள்ளைகள் கேக்குறாங்க, அப்ப நாங்க என்னத்துக்கு மிஸ் நாலு வருஷம் மண்டைய ஒடைக்கணும்னு. நான் என்னத்த செல்லுற?"

நானும் பேசிப் பார்த்தேன். என் ஊர் ஹந்தானைத் தமிழில் நான் சொன்னதை அது கொரிய வானொலி அறிவிப்பாளர் போல அழகாகச் சொன்னது. உச்சரிப்பு என்னுடையதைவிடச் சுத்தம். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

"நல்ல வேள, இது வர்றதுக்கு முன்னுக்கே நான் பென்ஷன் எடுத்துட்டேன்" என்று சிரித்துச் சமாளித்தேன்.

பர்ஹானா விடுகிற ஆள் இல்லை. "சிரிச்சித் தப்ப ஏலா சேர். புள்ளைகளுக்கு விளங்குற மாதிரி எழுதித் தாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே எழுதுகிறேன். தொடங்குமுன் ஒன்று. நான் கொரிய மொழி படிப்பித்தவன் என்று தெரிந்ததும் கோயில் திருவிழாவில், கல்யாண வீட்டில், பஸ்ஸில், எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான் வரும்: "அம்மா, அப்பா ரெண்டும் அவங்களுக்கும் அதேதானாமே?" ஆமாம், ஏறக்குறைய அதேதான். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. இந்தக் கேள்விக்குத் தலையாட்டித் தலையாட்டி எனக்குக் கழுத்து வலித்துவிட்டது. இந்தக் கட்டுரையில் இனி அந்தப் பேச்சு வராது.

நான் கண்டி ஹந்தானைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். இளவயதில் ஆளோடு ஆளாகக் கொரியாவுக்கு வேலைக்குப் போனேன். வாகனக் கதவுகளுக்குக் கைப்பிடி செய்கிற தொழிற்சாலை. அங்கே நான் முதலில் கற்ற கொரியச் சொற்கள் எல்லாம் ஏச்சுகள். பிறகு கருவிகளின் பெயர்கள், அதற்குப் பிறகுதான் மனிதர்கள் பேசுகிற மொழி. திரும்பி வந்து பிலிமத்தலாவையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில், கொரியாவுக்கு வேலைக்குப் போகிற பையன்களுக்கு வகுப்பு நடத்தினேன். கீழே கொத்துரொட்டி அடிக்கிற சத்தத்தில் மேலே வினைச்சொல் படிப்பிப்பது லேசான காரியம் அல்ல. பல்கலைக்கழகத்தில் கொரிய மொழிப் பிரிவு தொடங்கியபோது பேச்சுப் பயிற்சிக்கு ஆள் தேடினார்கள். போய்ச் சேர்ந்தேன். அங்கேயே என் மகள் வயதுப் பிள்ளைகளோடு வகுப்பறை வாங்கில் உட்கார்ந்து மொழியியலும் படித்துப் பட்டம் எடுத்தேன். நரைத்த தலையோடு பரீட்சை மண்டபத்துக்குள் போனால் மேற்பார்வையாளர் என்று நினைத்துப் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள்.

மொழியியல் எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. அதுவரை கொரிய மொழியை நான் பயந்து பயந்து பேசிக்கொண்டிருந்தேன். யாரிடம் எந்த மரியாதையில் பேசுவது என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு வழுக்கு இருக்கும். பிறகுதான் யோசித்தேன். இதை நான் பிறந்ததிலிருந்து செய்துவருகிறேனே. துரையிடம் ஒரு பேச்சு, கங்காணியிடம் ஒரு பேச்சு, கூடப் படித்தவனிடம் ஒரு பேச்சு, கோபம் வந்தால் அதே ஆளிடம் வேறு பேச்சு. மரியாதையின் படிகளில் ஏறி இறங்குவது தோட்டத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டிய பாடமா? அதன் பிறகு பயம் போய்விட்டது.

இனி எங்கள் பிரிவின் தலைவர் பேராசிரியர் யூனைப் பற்றி. கொரியாவிலிருந்து வந்து எங்களோடு பல வருடங்கள் இருந்தவர். சின்ன உருவப் பெண்மணி, கட்டையாக வெட்டிய முடி, எப்போதும் சாம்பல் நிறக் காற்சட்டை. கோபப்படவே மாட்டார். அதுதான் பயங்கரம். நாம் பிழையாக ஒன்று சொன்னால் திருத்த மாட்டார், முறைக்கவும் மாட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு, நாமே கண்டுபிடிக்கும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பார். அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு மாமரம் உண்டு. எங்கள் பிரிவில் படித்த எல்லாருக்கும் அந்த மாமரத்தின் மேல் ஒரு வெறுப்பு உண்டு.

நம்மூர்ப் பிள்ளைகள் ஆசிரியரைக் கேள்வி கேட்பதில்லை, கொரியாவிலும் அப்படித்தான். விளங்காவிட்டாலும் தலையை ஆட்டிக்கொண்டு இருப்பார்கள். ஆகவே அவர் ஒரு விதி வைத்தார். வகுப்பு முடியுமுன் ஒவ்வொருவரும் ஒரு முட்டாள்தனமான கேள்வியாவது கேட்க வேண்டும். கெட்டிக்காரத்தனமான கேள்வி கேட்டால் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

"இது படித்துவிட்டு வந்த கேள்வி. உண்மையிலேயே தெரியாத ஒன்றைக் கேள்" என்பார்.

மொழிபெயர்ப்புப் பயிற்சியில் அவர் வைத்த விதிகள் இன்னும் கடுமையானவை. பேசுகிற இருவருக்கும் நடுவில், அரை அடி பின்தள்ளி உட்கார வேண்டும். அவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்ல வேண்டும், 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. பேசுகிறவர் சிரிக்காதபோது நாம் சிரிக்கக் கூடாது. விருந்தென்றால் மொழிபெயர்ப்பவர் சாப்பிடக் கூடாது, வாயில் சோறு இருக்கும்போது யாராவது பேசிவிட்டால் என்ன செய்வது? முன்னால் உணவை வைத்தாலும் தொடாமல் இருக்க வேண்டும். நான் இந்த விதிகளை ஒரு பக்தியோடு கடைப்பிடித்தேன். எத்தனையோ நல்ல பிரியாணிகள் என் கண் முன்னால் ஆறிப்போயிருக்கின்றன.

எங்களிடம் சிவரஞ்சனி என்று ஒரு மாணவி இருந்தாள். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அப்பா கருப்பையா தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், அம்மா கொழுந்து பறிக்கிறவர். அவள் கொரிய மொழியை ஒரு பசியோடு படித்தாள். கலாசாரங்களுக்கிடையிலான தொடர்பாடல் என்ற பாடத்தில் அவள் எழுதிய ஒரு கட்டுரையை யூன் மாமரத்தைப் பார்க்காமலே வாசித்து முடித்தார். அதற்குமேல் பாராட்டு அவரிடம் கிடையாது.

அந்த வருடம் கொரியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு வருடம் படிக்க எங்கள் பிரிவுக்கு ஒரே ஓர் இடம் கிடைத்தது. யாருக்கென்று யோசிக்கவே தேவை இல்லை. ஆனால் சிவரஞ்சனியைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவள் முகம் வாடிவிட்டது.

"அப்பா விட மாட்டாரு சேர்."

"ஏம்மா? பேசிப் பாத்தியா?"

"பேசினேன். அவரு ஏசக்கூட இல்ல சேர். எழும்பி வெளிய போயிட்டாரு. எங்க அத்தை, அப்பாவோட தங்கச்சி, ஏஜென்சி மூலமா வீட்டு வேலைக்கு வெளிநாடு போனாங்க. அப்பாதான் போகச் சொல்லி அனுப்பினாரு. பெட்டியிலதான் வந்தாங்க. அப்பாவே ஏர்போர்ட்டுக்குப் போய் பெட்டிய எடுத்துக்கிட்டு வந்தாரு. அதுக்கப்புறம் எங்க வீட்ல வெளிநாடுன்னு யாரும் வாயெடுக்கிறதில்ல."

இதை நான் யூனிடம் அப்படியே சொன்னேன்.  அவர், "பெற்றோர் சம்மதம் இல்லாமல் அவள் பெயரை அனுப்ப மாட்டேன். அவள் வயது வந்தவள், சட்டப்படி தேவையில்லை. ஆனால் அனுப்ப மாட்டேன். நாம் போய்ப் பார்க்கலாம்" என்றார். பெயர் அனுப்ப வேண்டிய கடைசி நாள் அந்த வாரத்துக்குள் வந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை வாடகைக்கு ஒரு வான் பிடித்துப் போனோம். கலஹா தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து ஏறியது. தூறல். யூன் முன் சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்.

"இன்று நீங்கள் என் சக ஆசிரியர் இல்லை. மொழிபெயர்ப்பாளர் மட்டும்" என்றார். "அவரை நீங்கள் சம்மதிக்க வைக்க முயலக் கூடாது. உங்கள் மொழி, உங்கள் ஊர், நீங்கள் பேசினால் அவர் மறுக்கச் சங்கடப்படுவார். அப்புறம் அது அவர் முடிவாக இருக்காது. ஏற்கெனவே ஒருமுறை யாரோ ஒருவர் நன்றாகப் பேசித்தான் அவர் தங்கையை அனுப்ப வைத்திருக்கிறார்."

அது நியாயமாகப் பட்டது. சரி என்றேன்.

லயத்து வாசலில், அதாவது நாங்கள் இஸ்தோப்பு என்று சொல்லும் அந்தச் சின்ன முன்பக்கத்தில், கருப்பையா அண்ணன் வெள்ளைச் சாரமும் புதுச் சட்டையும் போட்டு நின்றிருந்தார். மெலிந்த, உயர்ந்த மனிதர். யூனைவிட நிச்சயம் மூத்தவர். எங்களைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். "வாங்க, வாங்க" என்றார்.  யூன் இடுப்பை வளைத்து வணங்கினார். அண்ணன் பதறிப்போய்க் கும்பிட்டார்.

உள்ளே எங்களுக்காகப் பக்கத்து வீட்டில் வாங்கிவந்த இரண்டு கதிரைகள். அண்ணன் நின்றுகொண்டே இருந்தார். வீட்டின் மூத்தவர் நிற்கும்போது தான் கதிரையில் உட்கார்வதா என்று யூன் தரையிலேயே முழங்காலை மடித்து உட்கார்ந்துவிட்டார். அடுப்படிக் கதவருகே நின்ற சிவரஞ்சனியின் அம்மாவுக்கு உயிர் போய்விட்டது.

"ஐயோ, வெறுந்தரையில உக்காந்துட்டாங்களே! புள்ள, அந்தப் பாய எடு, பெட்ஷீட்ட எடு!"

அதை மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்று நான் யோசிக்குமுன்னே பாய் வந்துவிட்டது. நானும் இறங்கிப் பாயில், அரை அடி பின்தள்ளி உட்கார்ந்தேன்.

பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே சாப்பாடு வந்தது. வந்தவர்களுக்குச் சோறு போடாமல் விஷயம் பேசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. நாட்டுக்கோழி அடித்திருந்தார்கள். சோறு, கோழிக்குழம்பு, பருப்பு, பீர்க்கங்காய்ப் பொரியல், அப்பளம். யூனுக்கு ஒரு வாழை இலை, எனக்கு ஒன்று. வீட்டாருக்கு இலை இல்லை. அம்மா கரண்டியோடு நின்றார், அண்ணன் கதவு நிலையில் சாய்ந்து நின்றார், சிவரஞ்சனி தண்ணீர்ச் செம்போடு நின்றாள். விருந்தாளி சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் வீட்டார் உட்கார்வது. இது நம் மரியாதை.

கொரியாவில் மேசையில் இருப்பவர்களில் மூத்தவர் முதலில் கரண்டியை எடுக்க வேண்டும். அவர் எடுக்கும்வரை மற்றவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார்கள். அதுவும் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ஒருவர் நிற்க மற்றவர் சாப்பிடுவது அவர்களுக்கு மென்று விழுங்க முடியாத காரியம். இது அவர்கள் மரியாதை.

யூன் கையை மடியில் வைத்துக் காத்திருந்தார். அண்ணன் நிலையில் சாய்ந்து காத்திருந்தார். நான் மொழிபெயர்ப்பாளன், ஆகவே நானும் இலையைத் தொடவில்லை.

 மழை தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. குழம்பில் எண்ணெய் படியத் தொடங்கியது. அப்பளம் நமுத்து மடங்கியது. யூன் அண்ணனை ஒருமுறை பார்த்துச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார்.  பாடப் புத்தகத்தில் கலாசார மோதல் என்றால் சத்தமாகப் பேசுகிற மேல்நாட்டுக்காரரும் அடக்கமான ஆசியக்காரரும் படம் போட்டிருப்பார்கள். இரண்டு அடக்கமானவர்கள் முட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அதில் எங்கேயும் இல்லை. மொழிபெயர்க்க எனக்கு ஒரு சொல்கூட இல்லை.

அண்ணனுடைய முகம் மெல்ல இறுகுவதை நான் கண்டேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு விறுக்கென்று இஸ்தோப்புக்குப் போய்விட்டார். போனவர் அங்கிருந்து, "சேர், கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டார்.

நான் எழும்பும்போது யூன் தாழ்ந்த குரலில் கொரிய மொழியில் சொன்னார்: "அவருக்கு என்னோடு உட்கார விருப்பமில்லை. அவர் பதில் அதுதான் போல. அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம், நாம் எழும்பிவிடலாம்." கைப்பையின் வாரில் அவர் கை போயிருந்தது. எப்போதும் நேராக இருக்கும் தோள்கள் கொஞ்சம் தளர்ந்திருந்தன.

வெளியே அண்ணன் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க வீட்டுச் சோறு அந்தம்மாவுக்கு ஒத்துக்காதுன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம் சேர். டவுன்லருந்து வர்றவங்க லயத்துல கை நனைக்க மாட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா? அந்தம்மாவ விடுங்க, அவங்க வேற நாடு. நீங்களும்தானே தொடல."

கடைசி வார்த்தை என்னை எங்கோ ஆழத்தில் தைத்தது. சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு வந்த கண்டி ஆட்கள் தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் போனதையும், அதை அம்மா சாக்கடையில் ஊற்றியதையும் நான் கண்டவன். இப்போது அதே காரியத்தை நான் செய்துகொண்டிருந்தேன், அதுவும் ஒரு நல்ல விதியின் பேரால்.

நிலைமையைப் பாருங்கள். உள்ளே ஒருவர் சொன்ன வாக்கியம் என்னிடம் இருக்கிறது. வெளியே ஒருவர் சொன்ன வாக்கியமும் இருக்கிறது. விதிப்படி இரண்டையும் கூட்டாமல் குறைக்காமல் அங்குமிங்கும் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். நானும் நல்ல மொழிபெயர்ப்பாளன், அவர்களும் மரியாதையான மனிதர்கள், வான் கண்டிக்குத் திரும்பிவிடும், சிவரஞ்சனியின் பெயர் போகாது. அடுப்படி இருட்டில் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளை இரண்டு மொழியும் தெரிந்தவள். தன் பேராசிரியர் சொன்னதும் அவளுக்குக் கேட்டிருக்கும், தன் அப்பா சொன்னதும் கேட்டிருக்கும். அப்பாவின் முன்னால் வாய் திறக்க அவளுக்கும் முடியவில்லை.

சம்மதிக்க வைக்கக் கூடாது என்றுதான் யூன் சொன்னார். நடப்பதைச் சொல்லக் கூடாது என்றா சொன்னார்? எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

"அண்ணே, நானும் லயத்துல பொறந்தவன்தான்" என்றேன். "எனக்கு இங்க சாப்பிடக் கூடாதுன்னு வேலையில ஒரு சட்டம். அது எங்க தலையெழுத்து, அத விடுங்க. அந்தம்மா ஏன் சாப்பிடலன்னு தெரியுமா? நீங்க இன்னும் சாப்பிடல. அதான்."

"நான் சாப்பிடாட்டி அவங்களுக்கு என்ன?"

"அவங்க ஊர்ல வீட்டுக்குப் பெரியவங்க மொத வாய் எடுத்து வைக்காம மத்தவங்க இலையில கை வைக்கப்படாது. நீங்கதான் பெரியவரு. நீங்க வந்து உக்காரணும்னு அவங்க காத்திருக்காங்க."

அவர் திரும்பி என்னை முழுசாகப் பார்த்தார்.

"எனக்காகவா?"

"உங்களுக்காகத்தான்."

"காலையில எத்தன மணிக்குக் கெளம்பினீங்க?"

"விடியக் காலம. அவங்க ஒண்ணும் சாப்பிடல. வயிறு காஞ்சுதான் இருக்காங்க."

அவர் இஸ்தோப்பு விளிம்பில் வழிகிற மழைத் தண்ணீரில் கையை நீட்டிக் கழுவினார். கழுவிக்கொண்டே சொன்னார்:

"அந்த ஏஜென்சிக்காரனும் இதே எடத்துலதான் உக்காந்தான் சேர். வந்ததும் வராததுமா சோத்தக் கேட்டு வாங்கித் தின்னான். அக்கா கைப்பக்குவம் அருமைன்னான். தங்கச்சிய ராணி மாதிரி வச்சிருப்பாங்கன்னான். நம்ம வீட்ல இப்புடி உரிமையா சாப்பிடுறானேன்னு எனக்குப் பெரும. அதுலதான் நம்பினேன்."

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் பின்னால் போனேன். யூன் எழும்ப ஆயத்தமாக இருந்தார். அண்ணன் போய் அவருக்கு எதிரே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "எனக்கும் எல போடு" என்றார்.

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். "என்னாங்க இது, வந்தவங்க சாப்பிடாம நீங்க உக்காருறீங்க?"

"போடுன்னா போடு. நீயும் வந்து உக்காரு. புள்ள, நீயும் வா."

தன் வீட்டில் விருந்தாளிக்கு முன்னால் சோற்றில் கை வைப்பது அந்த மனிதருக்கு எவ்வளவு கூச்சமான காரியம் என்பது அவர் விரல்களில் தெரிந்தது. ஆறிய சோற்றைக் கொஞ்சமாகப் பிசைந்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு வாய் எடுத்து வைத்தார். உடனே யூன் தலை தாழ்த்தி, கொரியர்கள் சாப்பிடுமுன் சொல்லும் நன்றியைச் சொல்லிவிட்டு, கரண்டி கேட்காமல் கையாலேயே அள்ளிச் சாப்பிடத் தொடங்கினார். அப்படி ஒரு பசியை நான் அவரிடம் அதற்கு முன்பு கண்டதில்லை. நானும் சாப்பிட்டேன். விதி எப்படியும் உடைந்தாயிற்று, கோழியாவது கிடைக்கட்டும்.

அதன் பிறகு பேச்சு தானாக வந்தது. அண்ணன் ஒவ்வொன்றாகக் கேட்டார். பிள்ளை எங்கே தூங்கும், கூட யார் இருப்பார்கள், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், பாஸ்போர்ட்டை யார் வைத்திருப்பார்கள், பிடிக்காவிட்டால் பாதியில் வரலாமா. பாஸ்போர்ட் கேள்வியை இரண்டு தடவை கேட்டார். யூன் ஒவ்வொன்றுக்கும் நேரான பதில் சொன்னார். பாஸ்போர்ட் அவள் கையிலேயே இருக்கும். பாதியில் வரலாம், யாரும் தடுக்க முடியாது. விடுமுறை நாட்களில் தன் அம்மா வீட்டில் தங்கலாம், அம்மா தனியாகத்தான் இருக்கிறார்.

"அங்க போய் எம்புள்ள சந்தோஷமா இருப்பாளான்னு கேளுங்க சேர்."

நான் கேட்டேன். யூன் கையிலிருந்த சோற்றை இலையில் வைத்துவிட்டு யோசித்தார்.

"அது எனக்குத் தெரியாது" என்றார். "முதல் மாதங்களில் அழுவாள். நான் இங்கே வந்தபோது அழுதேன். சந்தோஷமாக இருப்பாள் என்று என்னால் சொல்ல முடியாது. அவள் எந்த நேரம் கூப்பிட்டாலும் நானோ என் அம்மாவோ போனை எடுப்போம். அதை மட்டும் சொல்ல முடியும்."

கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். என் வாழ்நாளில் நான் செய்த நல்ல மொழிபெயர்ப்பு அதுதான் என்று நினைக்கிறேன். அண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"அங்க பனி கொட்டுமாமே. ஒங்கிட்ட ஒழுங்கா ஒரு கம்பளிச் சட்டகூட இல்லயே."

சிவரஞ்சனி அழத் தொடங்கினாள். அம்மாவும். இதை எப்படிச் சொல்வது என்று நான் யூனைப் பார்த்தேன். "அவளிடம் கம்பளிச் சட்டை இல்லை என்கிறார்" என்று மட்டும் சொன்னேன். யூன் பாயிலேயே நெற்றி தரையில் படும்படி குனிந்து வணங்கினார். அவருக்கு விளங்கிவிட்டது.

திரும்பும் வழியில் நான் இஸ்தோப்பில் என்ன பேசினேன் என்று கேட்டார். ஒளிக்காமல் சொன்னேன்.

"அது மொழிபெயர்ப்பு இல்லை" என்றார்.  கலஹா வந்த பிறகு, "அடுத்த தவணையில் அதற்கும் ஒரு வகுப்பு வையுங்கள்" என்றார். அப்படித்தான் எங்கள் பிரிவில் அந்தச் சாப்பாட்டு வகுப்பு தொடங்கியது. பாதிப் பேர் விருந்தாளி, பாதிப் பேர் வீட்டார், யாரும் வாய் திறக்கக் கூடாது, எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பர்ஹானா, அந்த வகுப்பில் நீங்கள் கொண்டுவந்த வட்டிலப்ப இனிப்பை யார் முதலில் தொடுவதென்று தெரியாமல் எறும்பு தொட்டது ஞாபகம் இருக்கிறதா? உங்கள் பிள்ளைகளிடம் அதைச் சொல்லுங்கள். அந்தப் போனை நடுவில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிவரஞ்சனி போனாள். அழுதாள், போன் எடுக்கப்பட்டது, படித்தாள். அந்த ஒரு வருடமும் எனக்குச் சரியான தூக்கம் கிடையாது என்றால் நம்புவீர்களா? விதியை உடைத்தவன் நான்தானே. கொரியாவில் புயல் என்று செய்தி வந்தால்கூட மனம் பதறும். அவள் திரும்பி வருகிற நாளில் கருப்பையா அண்ணன் கண்டிக்கு வந்து என் வீட்டு வாசலில் நின்றார்.

"சேர், நீங்களும் வாங்க. அந்த எடத்துக்குத் தனியாப் போக எனக்கு ஏலாது."

கட்டுநாயக்காவுக்கு நானும் போனேன். விமான நிலையத்தில் இறங்கியதும் தன்னையறியாமல், அன்று பெட்டியை வாங்கிய, சரக்கு எடுக்கிற பக்கமாக நடக்கத் தொடங்கினார். நான் கையைப் பிடித்துத் திருப்பி, பயணிகள் வெளியே வருகிற வாசலுக்குக் கூட்டிவந்தேன். கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக் கதவு திறந்து திறந்து ஆட்கள் வந்தார்கள். தள்ளுவண்டிகளோடு, குழந்தைகளோடு, பெரிய பெரிய பைகளோடு. வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டு வருகிற பெண்களும் கூட்டமாக வந்தார்கள். அண்ணன் ஒவ்வொருவருடைய காலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் நடந்து வர்றாங்க சேர்" என்றார். "பாருங்க. எல்லாரும் நடந்தே வர்றாங்க."

சிவரஞ்சனி வந்தாள். தலைமுடி வெட்டி, நீல நிறக் குளிர்ச்சட்டையோடு, வண்டியைத் தள்ளிக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தாள். அண்ணன் அவளைக் கூப்பிடவில்லை. கம்பியை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார்.

அவள் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அப்பாவுக்கு என்ன சேர்? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். "நீ நடந்து வந்துட்ட. அவ்வளவுதான்."